கேரோல் லாண்டிஸுக்கு: லண்டனில் நடந்த அந்தத் திருமணம் குறித்து

அன்புள்ள கேரோல் அவர்களுக்கு,

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 5 வந்தால் ஹாலிவுட் நடிகையான உங்கள் பெயர் ஏதேனும் ஒரு கட்டுரையில் தலைகாட்டும். 1948-இல் அன்றைய தினம் நீங்கள் மறைந்ததை விவரித்து, அதற்குக் காரணம் இன்னார் என்று ஒரு நடிகரைச் சுட்டி, கூடவே உங்கள் நீச்சலுடைப் படம் ஒன்றையும் போட்டு முடித்துவிடுவார்கள். இந்த ஆண்டு அதைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். இக்கடிதத்தை உங்களைத் தவிர மற்றவர்களும் வாசிப்பார்கள். ஆகவே அந்த வீட்டின் வாசற்படியை நான் மிதிக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் 1943 ஜனவரியும் லண்டனும்தான்.

24 வயது நிறைந்த கையோடு அமெரிக்க இராணுவ விமானப்படைக் கேப்டன் தாமஸ் வாலஸை மணந்தீர்கள். அவசரக் கல்யாணம் என்று இன்றைக்குச் சொல்வது எளிது. துணி வாங்குவதற்கும் கூப்பன் கொடுக்க வேண்டியிருந்த ஊரில், காலையில் பறக்கப் போனவர் மாலையில் திரும்புவார் என்று எவரும் உறுதி சொல்ல முடியாத நாட்களில், ஓராண்டு பொறுத்துப் பார்க்கலாமே என்று சொல்லும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்? படை வீரர்களுக்குக் கலைநிகழ்ச்சி நடத்தப் போன இடத்தில் நீங்கள் மனத்தைக் கொடுத்தீர்கள். அதில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்தப் பயணத்தையும் திருமணத்தையும் வைத்து அடுத்த ஆண்டே வந்த படத்தை நான் முதன்முதலாகப் பார்த்த நேரத்தை மறக்க முடியவில்லை. ‘ஃபோர் ஜில்ஸ் இன் எ ஜீப்’ படத்தில், உங்களோடு பயணம் வந்த நடிகை கே ஃபிரான்சிஸ் கே ஃபிரான்சிஸாகவே வருகிறார். மார்த்தா ரேயும் மிட்சி மேஃபேரும் அப்படியே. நீங்களும் கேரோல் லாண்டிஸாகவே வருகிறீர்கள். உங்களைக் காதலிக்கும் விமானியின் பெயர் மட்டும் டெட் வாரன். நடித்தவர் ஜான் ஹார்வி. அந்தப் பெயர் காதில் விழுந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன். ஹார்வியின் இடப்பக்கச் சட்டைப்பைக்கு மேலே இருந்த சிறகுச் சின்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாலஸின் மார்பிலிருந்த சிறகு, பயிற்சியில் தேறி, பறந்து பெற்றது. இதுவோ ஸ்டுடியோவின் உடைப்பிரிவு காலையில் குத்திவிட்டு மாலையில் கழற்றி வாங்கிக்கொண்டது. இரண்டையும் அருகருகே பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். எப்படித் தாங்கினீர்கள்? அதைவிட, எதற்காக ஒப்புக்கொண்டீர்கள்?

கோபமாகத்தான் கேட்கிறேன். 1940-இல் ‘பிங் கேர்ள்’ என்று உங்களுக்கு ஒரு பட்டத்தைச் சூட்டி விற்கப் பார்த்தபோது, பத்திரிகையில் பக்கம் வாங்கி விளம்பரம் கொடுத்தே அதை மறுத்தவர் நீங்கள். ஒரு பட்டப்பெயருக்காக அவ்வளவு போராடியவர், சொந்தத் திருமணத்தைக் கேமரா முன் கொண்டுபோய் வைத்தது ஏன்? அந்தச் சுற்றுப்பயணத்தைப் புத்தகமாக்கியதும் உங்கள் பெயரில்தான். ஸ்டுடியோ பறித்துக்கொண்டது என்று உங்களுக்காக நான் வாதாடவும் வழியில்லை.

மன்னியுங்கள். உங்கள் மணநாளை இப்படித் துருவிப் பார்ப்பதற்கு நான் யார்? அழைப்பில்லாமல் கல்யாண வீட்டுக்குள் நுழைந்து எட்டிப் பார்க்கும் கூட்டத்தில் நானும் ஒருவன் என்பது தெரியாமலில்லை. ஆயினும் கதவைத் திறந்துவைத்தவர் நீங்கள் அல்லவா? திறந்திருந்ததால்தானே, உங்கள் முடிவை மட்டும் தெரிந்துவைத்திருந்த என்னைப் போன்றவர்களுக்கு, நீங்கள் மகிழ்ச்சியாக இருந்த ஒரு மாதமும் உண்டு என்பது தெரிந்தது? இதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியவன், குறுக்கு விசாரணை செய்துகொண்டிருக்கிறேன்.

மணமான கையோடு நீங்கள் வட ஆப்பிரிக்காவிலிருந்த படைகளுக்காகக் கிளம்பினீர்கள்; அவர் தம் பணிக்குத் திரும்பினார். 1944-இல் நகைச்சுவை நடிகர் ஜாக் பென்னியின் குழுவோடு தென் பசிபிக் தீவுகளுக்குப் போய், மலேரியாவும் அமீபா வயிற்றுக்கடுப்பும் வந்து படுத்தீர்கள். சீருடை அணிந்தவர்களுக்கு மட்டும் பதக்கம் தரும் உலகில் அதை எவரும் கணக்கில் எடுக்கவில்லை என்ற ஆற்றாமை எனக்கு இன்றும் இருக்கிறது. 1945-இல் மணவிலக்கு. அது யாரால் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவருக்குள் உள்ளது, இங்கே அதைப் பேசுவது முறையுமன்று.

வாலஸுக்காக மட்டும் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சொந்தத் திருமணம் படமானபோது, அதில் பெயர்கூட இல்லாமல் போனவர் அவர் ஒருவர்தான். உங்கள் பெயர், தோழிகளின் பெயர், எல்லாம் சுவரொட்டியில் இருந்தன. ஆகையால் இனி நான் உங்களைப் பற்றி எழுதும் இடத்திலெல்லாம் மணமகன் பெயரைத் தாமஸ் வாலஸ் என்றே முதலில் எழுதுவேன். உங்களுக்கு அது பிடிக்காமல் போனாலும் எழுதுவேன்.

மாறாத அன்புடன்,
உங்கள் இரசிகன்