ரம்பத்தை எடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் நேற்று கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வாசல் வரை நடக்கிறார்கள் என்றால் பொங்கலுக்குள் கடைத்தெருவுக்கே கிளம்பிவிடுவார்கள், பார். இங்கே எல்லோரும் சுகம். சின்னவள் பதினொன்றாம் வகுப்பு. சாயங்காலமானால் என் கிட்டாரைத் தூக்கி வைத்துக்கொண்டு, நாம் அன்றைக்குத் தட்டிய அதே ஜி, சி, டி கார்டுகளைத் தட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம், உன் கடைசிப் பத்தியை மூன்று தடவை படித்தேன். புது ப்ரீஆம்ப், அதாவது கிட்டாரின் மெல்லிய சிக்னலை வலுவாக்கும் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறாய், அது கிட்டாரின் பக்கப் பலகையில் வெட்டியிருக்கும் பழைய ஓட்டையில் உட்காராது, அதனால் ஆசாரியிடம் கொடுத்து ஓட்டையைப் பெரிதாக்கப் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். கொஞ்சம் பொறு. பாளையங்கோட்டையில் ரூம் வாடகையைத் தள்ளிப்போட்டு நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய கிட்டார் அது. அதன் பக்கப் பலகை இரண்டு மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். வளைத்து ஒட்டிய பலகை வேறு. ரம்பம் கொஞ்சம் பிசகினாலும் மரத்தின் ரேகையோடு விரிசல் ஓடிவிடும்.

மண்டபத்தில் வாசிக்கும்போது சத்தம் தகரம் மாதிரி வருகிறது, இரண்டாவது கம்பி மட்டும் துருத்திக்கொண்டு கேட்கிறது என்கிறாய். இந்த இரண்டாவது விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் என் கிட்டாரிலும் இதே கதைதான். ப்ரீஆம்ப் போய்விட்டது என்று நினைத்துப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகும் அதே கம்பிதான் கத்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பிகளைக் கழற்றி, அவற்றைத் தாங்கும் சின்னப் பட்டையான சாடிலை உருவி, டார்ச் அடித்துப் பள்ளத்துக்குள் பார்த்தேன். கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பீசோ பட்டைக்கு அடியில், இரண்டாவது கம்பிக்கு நேராக, காய்ந்த பசையோடு ஒட்டிக்கொண்டு ஒரு மரத்தூள் கட்டி. மிளகில் பாதிகூட இருக்காது. அந்த இடத்தில் மட்டும் பீசோ கூடுதலாக அழுந்தியிருக்கிறது. அதைச் சுரண்டி எடுத்தேன். ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, சாடிலின் அடிப்பாகத்தைச் சமமாகத் தேய்த்துத் திரும்ப வைத்தேன். ஆறு கம்பியும் ஒரே அளவில் பேசின. மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் நீ முதலில் இதைச் செய்து பார்.

தகரச் சத்தத்துக்குக் காரணம் வேறு. பீசோவை ஒரு சின்ன கண்டென்சர், அதாவது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம் என்று வைத்துக்கொள். அதன் கொள்ளளவு சுமார் 500 பிகோஃபாரட். அதன் சிக்னலை வாங்கிக்கொள்ளும் ப்ரீஆம்பின் இன்புட் இம்பீடன்ஸ், அதாவது உள்வாயிலின் மின் எதிர்ப்பு, 1 மெகா ஓம்தான் என்றால், 320 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் மெலிந்துகொண்டே போகும். நம் தடித்த கம்பியின் சுருதியோ 82 ஹெர்ட்ஸ். அடிவயிறே இல்லாமல் போவது இதனால்தான். 10 மெகா ஓம் இருந்தால் அந்த எல்லை 32 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், முழுச் சத்தமும் வரும். ஆகவே ப்ரீஆம்ப் வாங்கும்போது எத்தனை ஸ்லைடர், ட்யூனர் உண்டா என்பதையெல்லாம் அப்புறம் பார். இந்த மெகா ஓம் எண்ணை முதலில் கேள்.

எதை வாங்கலாம் என்றும் கேட்டிருந்தாய். என் யோசனை, ஓட்டையை முதலில் அளந்துவிட்டுக் கடைக்குப் போ. வெளியே தெரியும் சட்டத்தை அளக்காதே, அது ஓட்டையை மறைக்கத்தான் இருக்கிறது. நாலு திருகையும் கழற்றி, மரத்தில் வெட்டியிருக்கும் நீள அகலத்தை மில்லிமீட்டரில் குறித்துக்கொள். உள்ளே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்றும் பார். அந்த அளவுக்குப் பொருந்துவது கிடைத்தால் வேலை அரை மணி நேரம்தான். கிடைக்காவிட்டால் பழையதை எடுத்துவிட்டு, ஓட்டைக்கு மெல்லிய மரத் தட்டு ஒன்றைத் திருகி மூடிவிடலாம். ஃபிஷ்மேனின் மேட்ரிக்ஸ் இன்ஃபினிட்டி, எல்.ஆர். பேக்ஸின் எலிமென்ட் போன்றவற்றுக்குப் பக்கவாட்டு ஓட்டையே தேவையில்லை. ப்ரீஆம்ப், கிட்டாரின் பின்முனையில் கேபிள் செருகும் ஜாக்கோடு சேர்ந்தே வரும், வால்யூம் திருகு சவுண்ட்ஹோல், அதாவது முன்பலகையின் வட்ட ஓட்டை விளிம்புக்கு உள்ளே ஒட்டிக்கொள்ளும். அதோடு பீசோவும் புதிதாக வரும். பணம் கூடத்தான், ஆனாலும் எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது.

உள்ளே மைக் வைத்த மாடல்கள் உனக்கு வேண்டாம். தனியாக உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்கு அது தேன் மாதிரி. உன் மெல்லிசைக் குழுவிலோ பின்னால் டிரம்ஸ், காலடியில் மானிட்டர். மைக் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு ஊளையிட ஆரம்பித்துவிடும். உனக்குத் தேவை சிக்னலைத் தலைகீழாக்கி ஊளையை அடக்க உதவும் ஃபேஸ் சுவிட்சும், ஊளையிடும் சுருதியை மட்டும் குறைக்கும் நாட்ச் ஃபில்டரும். பெரிய உடம்புள்ள கிட்டாரில் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அதிரும், ஊளை பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். சவுண்ட்ஹோலை மூடுகிற ரப்பர் மூடி ஒன்றும் வாங்கிப் பையில் போட்டு வை.

பேட்டரி விஷயத்திலும் கவனமாக இரு. கேபிளைச் செருகியதுமே 9 வோல்ட் பேட்டரி வேலை செய்ய ஆரம்பித்துவிடும், ஏனென்றால் ஜாக்தான் அதற்கு சுவிட்ச். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடு. ஸ்டீரியோ ப்ளக் உள்ள கேபிளைப் போட்டால் பெரும்பாலான ப்ரீஆம்ப்கள் உயிர்பெறாது, மோனோதான் வேண்டும். ஒருவேளை உன் குழுவில் யாராவது கேபிளை மாற்றிக் கொடுத்திருந்தால், அதையும் பார்த்துவிடு.

சாடிலைக் கழற்றிப் பார்த்துவிட்டு, ஓட்டையின் அளவையும் எனக்கு எழுது. இந்த மாதக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். உப்புத்தாளும் கண்ணாடித் துண்டும் நானே கொண்டுவருகிறேன். அதுவரை ஆசாரியை வரச் சொல்லாதே.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்