வியாழன் வகுப்பு: இனி ஆட்டம்தான்

வணக்கம் நண்பர்களே. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நடக்கும் நம் ஜியு-ஜிட்சு (தரையில் பிடித்து மடக்கும் தற்காப்புக் கலை) வகுப்பில் இந்த மாதம் ஒரு மாற்றம். ஒரு பிடியைக் காட்டிவிட்டு 'இருபது முறை செய்' என்பதை நிறுத்திப் பார்க்கிறோம்.

பதிலுக்குச் சின்ன ஆட்டங்கள். ஒருவர் மல்லாந்து படுத்திருப்பார். மற்றவர் அவர் கால்களைத் தாண்டி, நெஞ்சோடு நெஞ்சை அழுத்தி மூன்று விநாடி பிடிக்க வேண்டும். கீழே இருப்பவர் முட்டியையோ பாதத்தையோ நடுவில் வைத்துத் தடுத்தால் போதும். ஒன்றரை நிமிடம், அப்புறம் இடம் மாற்றம். புதியவர் திணறினால் மேலே இருப்பவர் ஒரு கையைப் பெல்ட்டில் செருகிக்கொள்வார். கழுத்து நெரிப்பு, கைப்பூட்டு இப்போதைக்கு இல்லை.

சும்மா பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். உடல், சூழல், செய்யும் வேலை மூன்றும் சேர்ந்துதான் அசைவை உருவாக்குகின்றன என்று 1986-இல் உடலசைவு ஆய்வாளர் கார்ல் நியூவெல் எழுதினார். வேலையின் விதியை மாற்றினால் அசைவும் மாறும். சடுகுடுவை நமக்கு யார் பாடமாக எடுத்தார்கள்?

போன வாரம் நான் நான்கு முறை இடப்பக்கமே பாய்ந்து அதே முட்டியில் இடித்துக்கொண்டேன். ஐந்தாவது முறை, யாரும் சொல்லாமலே, முதலில் கணுக்காலைப் பிடித்தேன்.

சரி, இரவு 8 மணிக்குத் தொடங்கிவிடுவோம். மழை பெய்தால் காரை நம்பாமல் எல்ஆர்டி ரயிலில் வாருங்கள். நகம் வெட்டாதவர்களுக்கு பயிற்சி விரிப்பில் இடமில்லை!