முன்னுரையில் ஒரு பிழை

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வாடைக்காற்று தொடங்கிவிட்டது, மழை விட்டபாடில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

நீ போன் எடுத்து மூன்று மாதம். பாகிஸ்தான் பக்கம் பலூசிஸ்தானில் பிராகுயிப் பாஷை பேசுகிறவர்களும் நமக்குச் சொந்தம் என்று போனமுறை விறாந்தையில் இருந்து சொன்னாய். ஒன்று, இரண்டு, மூன்றுதான் அவர்களிடம் மிஞ்சிய பழைய எண்களாம், நாலிலிருந்து பாரசீகமாம். உன் நாலாவது மாதம் எந்தப் பாஷையில் வருமோ என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

மார்கழியோடு ஒப்பந்தம் முடிவதைப் பற்றி நான் கேட்கமாட்டேன். தமிழும் தெலுங்கும் மற்றதுகளும் ஒரே குடும்பத்துப் பாஷைகள் என்று எல்லிஸ் துரை 1816இல் சொன்னதைக் கால்டுவெல் பாதிரியார் 1856இல் விரித்து எழுதினாராம். ஒரு பேச்சுக்கு நாற்பது வருஷம் பொறுத்த படிப்பு, உனக்கு மட்டும் ஏன் மூன்று வருஷத்துக்கு மேல் தரமாட்டேன் என்கிறது? சரி, கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

மகனுக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம், நாங்கள் இருக்கிற கதிரையும் தின்கிற பாணும் போர்த்துக்கேயச் சொல், அதையெல்லாம் ஆராய்கிற வேலை என்கிறேன். "அதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களா?" என்கிறார்கள். பேசாமல் வந்துவிடுவேன். ஆனால் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் அந்தக் கயல் பொறித்த கல்லைக் கண்டால், பத்து வயதில் அர்ச்சனைத் தட்டோடு நீ எழுத்துக்கூட்டிக்கொண்டு வழியை மறித்து நின்றது ஞாபகம் வரும். பின்னால் வந்தவர்கள் ஏசினார்கள். நானும்தான் ஏசினேன்.

உன் புத்தகம் அலுமாரியில் இருக்கிறது. எனக்கு இங்கிலீஷ் மட்டுமட்டு. அப்பாதான் முன்னுரையை வாசித்துச் சொன்னார். 2006 சண்டையில் மூதூரை விட்டு ஓடியபோது அழிந்துபோன அப்பப்பாவின் ஏடுகளுக்கு இந்நூல் என்று போட்டிருக்கிறாய்.

ராசா, அவை அப்போது அழியவில்லை. அதற்கு முந்தின மாரியில், நீ பேராதனைக் கம்பஸில் இருந்தபோது, நான்தான் எரித்தேன். விறகெல்லாம் ஈரம். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு இல்லை. பரணில் கட்டுகளைக் கறையான் அரித்திருந்தது. பாதிதான் அரித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஓலை கிழியும் என்று புள்ளியே வைக்காத எழுத்து. அப்பப்பா போனபின் அதை வாசிக்க உன்னைவிட்டால் ஆளில்லை. எங்களுக்கு அது கிறுக்கல். மூன்று கட்டு. மஞ்சள் பூசிய ஓலை என்பதால் அடுப்படி முழுக்க மஞ்சள் மணத்தது. அதில்தான் பிட்டு அவித்தேன்.

ஓடி வந்தபிறகு ஏடுகள் எங்கே என்று கேட்டாய். "எல்லாம் போய்விட்டது" என்றேன். வீடே போயிருந்தது, யார் சந்தேகப்படுவார்கள்?

அப்பாவுக்குத் தெரியும். நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. முன்னுரையில் அந்த வரி வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத்தான் மேலே வாசித்தார்.

அச்சில் வந்ததை இனி மாற்ற முடியுமா? போன் எடு. ஏசுவதற்கென்றாலும் எடு.

அம்மா