கடைத்தெரு குப்பைக்கு ஜனங்கள மட்டும் திட்டாதீங்க: துப்புரவு அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

எந்தத் தெருவ எப்ப பெருக்கணும், தொட்டிய எங்க வைக்கணும்னு முடிவு பண்றவங்களுக்கு இத எழுதுறேன். பக்கத்து பக்கத்துல ரெண்டு கடைத்தெரு, ஒண்ணு பளிச்சுன்னு இருக்கு, இன்னொண்ணுல கால் வைக்க முடியல, உடனே "அந்த ஏரியா ஆளுங்களே அப்படித்தான்"னு ஒரு பேச்சு வந்துடுது. கேக்கும்போதே மனசு வலிக்குது. அந்தத் தெருவுல நடக்குறவங்கள்ல எத்தனையோ பேரு பஸ் மாற வந்தவங்க, அந்த ஏரியாவே கிடையாது.

சாயங்காலம் பஸ் ஸ்டாப் தொட்டிகிட்ட அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. தொட்டி வாய் வரைக்கும் ரொம்பிக் கெடக்கும். ஒருத்தர் காலி கப்ப உள்ள அமுக்கிப் பாக்குறாரு, போகல, அப்புறம் கீழ விழுந்துடக் கூடாதேன்னு மெதுவா உச்சியில வச்சிட்டுப் போறாரு. அடுத்து வந்தவங்க கையில இருந்த கவர தொட்டி காலடியில சாச்சு வைக்கிறாங்க. அப்புறம் ஒரு காத்து அடிச்சா போதும், கப்பு உருண்டு போயி நிக்குற வண்டி டயருக்கு அடியில, வெளக்குமாறு எட்டாத எடத்துல ஒதுங்கிடுது. இவங்கள குப்பை போட்டவங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

அது அப்படியே கெடந்தா அடுத்தவங்களுக்கும் கை தானா வருது. 2008ல நெதர்லாந்துல குரோனிங்கன் ஊர்ல ஆராய்ச்சியாளருங்க ஒரு சந்துல நிறுத்தியிருந்த சைக்கிள் ஹேண்டில்ல எல்லாம் நோட்டீஸ் மாட்டி வச்சுப் பாத்தாங்க. சுவர் சுத்தமா இருந்தப்ப 33 சதவீதம் பேரு அத கீழயோ பக்கத்து சைக்கிள்லயோ போட்டுட்டுப் போனாங்க, அதே சுவர்ல கிறுக்கி வச்சதுக்கப்புறம் 69 சதவீதம். சந்து அதேதான், மாறினது சுவர் மட்டும்தான். அதனால ஒரு தெருவ ஒரு சாயங்காலம் கவனிக்காம விட்டா அந்த நாள் குப்பையோட அது நிக்காது.

சிகரெட் துண்டும் அப்படித்தான், அணைக்க ஒரு தட்டு இல்லன்னா தொட்டிக்குள்ள தீ பிடிச்சிடுமோன்னு பயந்தே கீழ போட்டு மிதிக்கிறாங்க, அது பஞ்சுன்னு நெனைக்கிறோம், ஆனா ஃபில்டர் ஒரு வகை பிளாஸ்டிக், கல்லு இடுக்குல போயி உக்காந்தா சீக்கிரத்துல மக்காது.

கூட்டம் பத்து மடங்கு வர்ற தெருவுக்கும் ஆளே இல்லாத தெருவுக்கும் காலைல ஒரே ஒரு தடவ பெருக்குனா எப்படிங்க சரியா வரும்? பெருக்குறவங்க மேல ஒரு குறையும் இல்ல, அவங்க விடியக்காலைல சுத்தமாத்தான் பண்ணிட்டுப் போறாங்க, குப்பை சேர்றது அதுக்கப்புறம். கடைக்காரங்க ராத்திரி வெளிய வைக்கிற மூட்டைய லாரி காலைலதான் எடுக்குது, நடுவுல நாய் கிழிக்குது.

ஒரு மாசம் மட்டும் இந்த மாதிரி தெருவுல சாயங்காலம் இன்னொரு ரவுண்டு விடுங்க, பஸ் ஸ்டாப்ல மூடி போட்ட பெரிய தொட்டி வைங்க, லாரிய கடை மூடுற நேரத்துக்கு மாத்துங்க, முக்கியமா எந்தத் தொட்டி எத்தன மணிக்கு ரொம்புதுன்னு குறிச்சு வைங்க. அந்தக் கணக்க எல்லாரும் பாக்குற மாதிரி வெளியிடுங்க.

இப்படிக்கு,
அந்த வழியா தினமும் நடந்து போற ஒருத்தி