கதியால் ஊன்றும் காலம்

ஆசிரியருக்கு,

வளவுகளைத் திருத்துவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரை, எல்லைக்கு மதில்தான் நிரந்தரம் என்று முடிந்திருந்தது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் வளவின் மேற்கு வேலி பத்து வருடமாகப் பார்ப்பாரில்லாமல் கிடந்தது. வேலி மரமாக நின்ற கிளுவைகளில் பாதி பட்டுவிட்டன. இடைவெளி விழுந்த பொட்டுகளில் எல்லாம் பார்த்தீனியக் களை. வந்து பார்த்த மேசன், புளொக் கல்லால் கட்டினால் ஒரு கிழமை வேலை என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்டதும், சரி, வேலியே போதும் என்றாகிவிட்டது.

முதல் தடவை பிழைவிட்டேன். நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு, ஆவணி வெயிலில் வேலிக்கு நடும் உயிர்த் தடிகளான சீமைக்கிளுவைக் கதியால் வாங்கி ஊன்றினேன். 'எப்ப நட்டாலும் வரும்' என்றார் விற்றவர். இரண்டு கிழமையில் எல்லாம் தளிர்த்தன. அயலவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். புரட்டாதியில் ஒவ்வொன்றாகக் கருகின. பிடுங்கிப் பார்த்தால் ஒரு வேர்கூட இல்லை. தடியில் இருந்த சத்திலேயே தளிர்விட்டிருக்கிறது.

அடுத்த வருடம் ஐப்பசி மழை இரண்டு விழும்வரை பொறுத்தேன். பார்த்தீனியத்தைப் பூக்குமுன், கையுறை போட்டு, ஈர மண்ணில் வேரோடு பிடுங்கினோம். உயிருள்ள கிளுவைகளை இடுப்பளவில் வெட்டிவிட, அவை தாமாகவே அடர்ந்தன. புதுக் கதியால்கள் மணிக்கட்டுப் பருமன், ஆறடி நீளம். அடியைச் சரிவாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் சாத்திவைத்து, நுனி காயாமல் சாணி அப்பி, அலவாங்கால் ஒன்றரை அடி குழி போட்டு நட்டோம். சில இடத்தில் ஒரு அடியிலேயே சுண்ணாம்புக்கல் இடித்தது. அங்கே ஆடாதோடையைக் குத்திவிட்டேன். நடும்போது பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்கு வழக்குப் பேசக் கோடேறிய ஊரல்லவா இது!

மதில் ஆட்டுக்குக் குழை தராது, தோட்டத்துக்குப் பசளையும் தராது. கார்த்திகை வெள்ளம் வேலிக்குள்ளால் வடிந்து போகும். இரண்டு பக்கமும் மதில் எழும்பிய எங்கள் ஒழுங்கையில் இப்போது முழங்காலளவு நிற்கிறது. கட்டுரையாளர் அதையும் ஒருமுறை வந்து பார்க்கலாம்.

வேலியில் இந்த மார்கழி முசுட்டைக் கீரை படர்ந்திருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஆய்ந்ததில் இரண்டு நாள் வறை. அந்தப் பக்கம் படர்ந்ததை அக்கா ஆய்ந்துகொள்கிறார்.

வாசகர்,
கோண்டாவில்