‘கதையின் நீதி என்ன?’ என்று கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு, வணக்கம்.

2023-இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித்துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தால் ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற வரிசையில் படங்களோடு கூடிய சிறு புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்தன. புத்தகம் புதுசு, வாசிக்கிற முறை பழசு. கடகடவென்று வாசித்து, மூடிவைத்து, “இந்தக் கதையின் நீதி என்ன?” என்கிறோம். “எல்லாரிடமும் அன்பாக இருக்க வேண்டும்” என்று வகுப்பே ராகம் போடும். அந்த அன்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்டால் சத்தமே வராது.

நம் வீடுகளில் அன்பை வாயால் சொல்கிற வழக்கம் குறைவு. “சாப்டியா?” என்பதோடு சரி. மற்றதெல்லாம் கை செய்யும்: மீனில் முள்ளெடுத்துத் தட்டின் ஓரம் ஒதுக்குகிற விரல், தங்கைக்கு உறுத்தாமல் இருக்க சைக்கிள் கேரியரில் துண்டை மடித்துப் போடும் அண்ணன். நல்ல படக்கதையில் இவை எழுத்தில் வராது. “அப்பா மீன் வாங்கி வந்தார்” என்று மட்டும் வரி இருக்கும். முள்ளெடுக்கும் விரல் படத்தில் இருக்கும். வரியை மட்டும் வாசித்துத் தாளைப் புரட்டினால் அந்த விரல் போய்விடும்.

மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே புத்தகத்தை மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் படம் மட்டும். மறுநாள் வாசிப்பு. மூன்றாம் நாள் பிள்ளைகள் சொல்லட்டும், நாம் கேட்போம். ஒரு தடவைக்கு எட்டுப் பேர் போதும். சின்னப் புத்தகத்தில் உள்ள கண்ணும் விரலும் மூன்றாவது வரிசைக்குத் தெரியாது. புத்தகத்தை அடிப்பக்கமாகப் பிடித்து, பிள்ளைகளின் கண்மட்டத்தில் காட்ட வேண்டும். கட்டைவிரல் படத்தை மறைக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் மறைக்கும்.

கேட்க வேண்டியவை: “இது யார் கை? என்ன பண்ணுது? யாருக்காக?” “அவர் நல்லவரா?” என்றால் “ஆமாம்” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கேட்டபின் மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் பதிலை நாமே சொல்லிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. கைபேசிக் கதைகள் தோற்பதும் இங்கேதான், படம் காத்திருக்காமல் ஓடிவிடுகிறது.

“மூஞ்சி வாடிப்போச்சு”, “அது ஏங்குது” என்று பிள்ளை சொன்னால் ‘சோகம்’ என்று திருத்த வேண்டாம். பிள்ளையின் சொல்தான் துல்லியம்! இன்னொன்று, “உங்க அம்மா இப்படிச் செய்வாங்களா?” என்று கேட்கக் கூடாது. பாட்டியிடமோ விடுதியிலோ வளரும் பிள்ளை அங்கேயே வாயை மூடிக்கொள்ளும். “உனக்கு யார் இப்படிச் செய்வாங்க?” என்றால் சத்துணவு அக்கா வரை பெயர்கள் வரும்.

புத்தகம் போதவில்லை என்றால், சிறுவர் புத்தகப் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் முகபாவம் கரிப்பூச்சாகிவிடும், பக்கம் குறைந்தாலும் வண்ணத்தில் எடுங்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறுவர் கதைகளின் அடியில் ‘நீதி’ என்று ஒரு வரி அச்சிடும் வழக்கத்தை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள். மிச்சமாகும் இடத்தில் படத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடலாம்.

கதைநேரப் பயிற்றுநர்கள்,
மதுரை