ரிப்போர்ட்டில் வராத சுவர்

கண்ணு,

நீ அனுப்பிய ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்தேன். எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 2.4 என்று உங்கள் கனடா அளவில் போட்டிருக்கிறார்கள். நம் ஊர்க் கணக்குக்கு மாற்றினால் 93 வருகிறது. நல்ல எண்தான், சந்தோஷம். ஆனால் கீழே நீ எழுதியிருந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. "கொழுப்பே இல்லையேம்மா, நாலு சிகரெட்டால என்ன ஆயிடப்போகுது?" பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியே ரிட்டயர் ஆனவளிடம் இதைக் கேட்டிருக்கிறாய். பதில் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்.

நம் போர்த் தண்ணியில் குழாய்க்குள் உப்புப் படிந்து அடைக்குமே, ரத்தக்குழாய் அடைப்பையும் அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உங்கப்பாவும் அந்தக் கட்சி. ஆனால் பிவிசி குழாய்க்கு உயிர் இல்லை. ரத்தக்குழாயின் உட்பக்கம் முழுக்க, ஒரே ஒரு செல் கனத்தில், எண்டோதீலியம் என்ற உயிருள்ள அடுக்கு இருக்கிறது. ரத்தத்திலிருந்து எது வெளியே போகலாம், எந்த வெள்ளணு எந்த இடத்தில் இறங்கலாம் என்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. நீ பிறந்தபோது வெட்டிப் போட்ட தொப்புள்கொடி இருக்கிறதே, அதன் சிரைக்குள்ளும் இதே செல்கள்தான். 1973-ல் நியூயார்க்கில் அப்படிப்பட்ட கொடிகளிலிருந்துதான் இந்தச் செல்களைப் பிரித்து வளர்த்துக் காட்டினார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அந்தக் கொடிச் செல்கள் புழங்குகின்றன.

அந்தக் காலத்தில் அந்த அடுக்கை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. ராபர்ட் ஃபர்ச்காட் என்ற புரூக்ளின் விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டில் அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருளை விட்டுப் பார்த்தார். சில துண்டு தளர்ந்தது, சில துண்டு சுருங்கியது. தயார் செய்யும்போது உள் அடுக்கு உரசிப் போயிருந்த துண்டுகள்தான் சுருங்கின. அந்த அடுக்கு இருந்தால் அது ஏதோ ஒன்றைச் சுரந்து தசையைத் தளர்த்துகிறது என்று 1980-ல் எழுதினார். அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று பிறகு தெரிந்தது. 1998-ல் மூன்று பேருக்கு நோபல், அவரும் ஒருவர். குழாயைத் தளர்த்துவதோடு, தட்டணுக்களும் வெள்ளணுக்களும் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அந்த வாயுதான். சிகரெட் புகை முதலில் கைவைப்பது அதன்மேல்தான். ரிப்போர்ட்டில் எல்.டி.எல். எத்தனை இருந்தாலும் இது நடக்கும்.

இனி நோய் எதிர்ப்புக்கு வருகிறேன். காலில் முள் குத்திக் கிருமி ஏறினால், அந்த இடத்து எண்டோதீலியம் சும்மா இருக்காது. முன்பே சேர்த்து வைத்திருக்கும் பி-செலக்டின் என்ற ஒட்டுப் புரதத்தைச் சில நிமிடத்தில் ரத்தத்தின் பக்கம் நீட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணு அதில் பட்டு, உருண்டு, வேகம் குறைந்து நிற்கும்; பிறகு செல்களுக்கு நடுவே நெளிந்து திசுவுக்குள் இறங்கும். 1867-ல் ஜெர்மனியின் யூலியஸ் கோன்ஹைம் தவளையின் மெல்லிய சவ்வை மைக்ராஸ்கோப்பில் வைத்து இதைக் கண்ணாலேயே பார்த்தார். இந்த ஏற்பாடு இல்லாமல் நாம் பிழைத்திருக்க மாட்டோம்.

அதே ஏற்பாடுதான் தமனியில் எதிராகத் திரும்புகிறது. குழாய் கிளை பிரியும் இடத்திலும் வளைவிலும் ரத்தம் நேராக ஓடாமல் சுழலும். அங்கே எண்டோதீலியம் ஏற்கெனவே சஞ்சலத்தில் இருக்கும். சுவருக்குள் கசிந்த எல்.டி.எல். அங்கேயே தங்கி ஆக்சிஜனேற்றம் அடைந்தால், கிருமி வந்துவிட்டது என்பது போலவே எண்டோதீலியம் நடந்துகொள்ளும். விகாம்-1 என்ற ஒட்டுப் புரதத்தை நீட்டி மோனோசைட்டு என்ற வகை வெள்ளணுக்களை உள்ளே கூப்பிடும். அவை கொழுப்பை விழுங்கி விழுங்கி நுரைச் செல்களாக வீங்கிச் சுவருக்குள்ளேயே படிவாகக் கிடக்கும். இந்த எதிர்ப்பு வேலைக்குத்தான் அழற்சி என்று பெயர். கொழுப்பு ஊட்டிய முயல்களில், அந்தச் செல்கள் சேர்வதற்கு முன்பே விகாம்-1 தலைகாட்டியதை 1990-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் பார்த்தார்கள். அழைப்பு சுவரிலிருந்துதான் போகிறது.

முயல் கதையை விடு, மனிதனுக்கு என்ன சாட்சி என்று கேட்பாய். 2017-ல் கான்டோஸ் என்ற பெரிய ஆய்வு வெளிவந்தது. ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கனாகினுமாப் என்ற மருந்து கொடுத்தார்கள், அது எல்.டி.எல்.-லைத் தொடவே இல்லை, அழற்சிக்கான ஒரே ஒரு சமிக்ஞையை மட்டும் தடுத்தது. 150 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம் குறைந்தன. கூடவே தொற்றால் இறந்தவர்களும் கொஞ்சம் கூடினார்கள். காவலை அவிழ்த்தால் கிருமிக்கும் வழி திறக்கும் அல்லவா? விலையும் பயங்கரம். அது இதய மருந்தாக வரவில்லை.

மலிவான மாற்றாக இப்போது பேசப்படுவது கோல்கிசின். 2023-ல் அமெரிக்காவில் 0.5 மில்லிகிராம் மாத்திரைக்கு இதய நோயாளிகளுக்காக அனுமதி கொடுத்தார்கள். பின்னால் வந்த ஒரு பெரிய ஆய்வில் பலன் தெரியவில்லை, அதனால் டாக்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். இதை எழுதக் காரணம், அந்தக் கோல்கிசின் நம் தோட்டத்துக் கண்வலிக்கிழங்கு விதையில் இருப்பது. காலையில் பூப்பூவாய் மகரந்தம் தொட்டுவைக்க ஆள் கிடைக்காமல் அப்பா புலம்புகிறாரே, அந்தச் செடிதான். இதைப் படித்துக் காட்டியதும், "நாலு விதையைப் பையனுக்குப் பார்சல் போட்றலாமா?" என்கிறார். அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நீ விளையாட்டுக்குக்கூட அந்த யோசனைக்குப் போகாதே. கிழங்கும் விதையும் கொடிய விஷம். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இடைவெளி ரொம்பக் குறைவு.

உன்னிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று சிகரெட். குறைப்பது பற்றிப் பேசவேண்டாம், நிறுத்து. அடுத்தது ஃப்ளூ ஊசி. உங்கள் ஒன்டாரியோவிலேயே செய்து 2018-ல் வெளியிட்ட ஆய்வு: ஃப்ளூ உறுதியான முதல் 7 நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் ஆறு மடங்கு. உடம்பு முழுக்க அழற்சி ஏறும்போது, ஏற்கெனவே சீழ்க்கட்டி மாதிரி இளகிக் கிடக்கும் படிவு வெடித்து அதன்மேல் ரத்தம் உறைகிறது. அப்புச்சிக்கும் காய்ச்சல் விட்ட மறுவாரம்தான் மாரடைப்பு வந்தது. பீடியும் அவர் விட்டபாடில்லை. அங்கே மருந்துக்கடையிலேயே ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அவள் போட்டுக்கொண்டாளாம், நீதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது இரண்டையும் கேட்பேன். போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டு நழுவப் பார்க்காதே.

அன்புடன்,
அம்மா